ஒண்ணாம் சர்வரில் இரண்டு மணி

அக்கம்மாள் செத்த பதிமூன்றாம் நாள் நான் அவர் ஊரான மார்க்கையன்கோட்டைக்குப் போனேன். இன்னும் ஒருநாள் தள்ளியிருந்தால் போயும் பிரயோஜனம் இல்லை. யார் எப்போது என்ன பார்த்தார்கள் என்கிற சர்வர் பதிவுகள் பதினாலு நாளில் தானாக அழிந்துபோகும்படி எழுதி வைத்தவன் நான்தான். அழிந்து தொலையட்டும் என்று பன்னிரண்டு நாள் காத்திருந்தவனும் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் போகப்போக என்னை நல்லவன் என்று நினைத்துவிடுவீர்கள்.

என் பெயர் தமிழ்மாறன். பெங்களூரு வேலையை விட்டுவிட்டு வந்து, உத்தமபாளையத்தில் ஓர் உரக்கடை மாடியில் அறை எடுத்து, கேட்பவர்களுக்கு வெப்சைட் செய்துகொடுக்கிறேன். ஏழுமடை வாய்க்கால் பாசனச் சங்கத்தின் வெப்சைட் என் கைவேலை. எந்த மடையில் எத்தனை மணிக்குத் தண்ணீர் விடுகிறார்கள் என்று அதில் போடுவார்கள். நாலாயிரத்துச் சொச்சம் குடும்பம், ஆளுக்கொரு மொபைல் எண். எண்ணைத் தட்டி உள்ளே போனால் அவரவர் மடைக்கான நேரம் தெரியும்.

அதற்கு முன்பெல்லாம் மடையைத் தூக்குவதற்கு அரைமணி முந்தி ஒருவர் கரையோரமாக வண்டியில் கத்திக்கொண்டே போவார். "தண்ணி வருது, தண்ணி வருது" என்று அவர் தொண்டை கட்டும். சங்கச் செயலாளர் ஈஸ்வரபாண்டி அந்த வழக்கத்தை நிறுத்தினார். யோசனை சொன்னது நான். இனிமேல் யாரும் கரையில் கத்திக்கொண்டு ஓட வேண்டாம் என்று கூட்டத்தில் மைக் பிடித்துப் பேசினேன். கை தட்டினார்கள்.

முதல் வருஷம் ஜூன் மாதத் திறப்பன்று நாலாயிரம் பேரும் ஒரே நேரத்தில் பார்க்க, சர்வர் படுத்துவிட்டது. ஈஸ்வரபாண்டி போனில் என்னைப் பிடித்துக் காய்ச்சி எடுத்தார். அதனால் இன்னொரு சர்வர் சேர்த்தேன். கல்யாண மண்டபத்தில் கூட்டம் தாங்காமல் இரண்டு ஹாலில் பந்தி போடுவதில்லையா, அப்படி. வாசலில் நின்று, நீ இந்த ஹால், நீ அந்த ஹால் என்று ஆளைப் பிரித்து அனுப்புகிற வேலையை லோடு பேலன்சர் பார்க்கும். ஒரு தடவை ஒரு ஹாலுக்குப் போனவர் மறுபடி வந்தால் அதே ஹாலுக்குத்தான் போக வேண்டும். இல்லாவிட்டால் பாதியில் லாகின் போய்விடும். ஈஸ்வரபாண்டிக்கு அப்படித்தான் அடிக்கடி போய்க்கொண்டிருந்தது. அதற்காக ஒவ்வொருவர் போனிலும் ஒரு சீட்டை ஒட்டிவிட்டேன். குக்கி என்பார்கள். ஒரு வாரம் வரை அந்தச் சீட்டு செல்லும்.

கூட்டம் வேகமாக நகரட்டும் என்று இன்னொன்றும் செய்தேன். கேட்கிற ஒவ்வொருவருக்கும் பேரேட்டைப் புரட்டிச் சொல்லாமல், ஒவ்வொரு ஹாலிலும் ஒரு கரும்பலகை மாட்டி அதில் நேரத்தை எழுதி வைத்துவிட்டால் போதும், வந்தவர்கள் பலகையைப் பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள். கேச் என்பது அவ்வளவுதான். எழுதியது ஒருநாள் முழுக்க இருக்கும். நடுவில் செயலாளர் நேரத்தை மாற்றினால் பலகை அழிந்து புதுநேரம் ஏறும். அந்த அழிக்கிற நாலு வரியை ஒரே ஒரு சர்வர் இருந்த காலத்தில் எழுதினேன். இரண்டாவது வந்த பிறகு அதைத் தொடவே இல்லை. செயலாளர் எந்த ஹாலில் நின்று மாற்றுகிறாரோ அந்த ஹால் பலகை மட்டும்தான் அழியும் என்பது என் புத்தியில் உறைக்கவில்லை.

இத்தனைக்கும் நான் அசட்டையானவன் இல்லை என்றுதான் ஊரில் பெயர்.

முதல் போகத்துக்குத் தண்ணீர் விடும் முன்னால் வாய்க்கால் தூர் வாருவது அங்கே வழக்கம். வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும். அக்கம்மாளுக்கு நாற்பது சென்ட் நெல் வயல். புருஷன் இறந்து ஆறு வருஷம். ஒரே மகள் திரிஷா, உத்தமபாளையத்தில் கல்லூரி இரண்டாம் வருஷம். மகளின் படிப்பைக் கெடுத்து மண் அள்ள விட அக்கம்மாளுக்கு மனசில்லை. அதனால் வருஷா வருஷம் மண்வெட்டியோடு அவர்தான் வருவார்.

மூன்றாம் மடைக்குக் கீழே வாய்க்கால் ஓர் ஓடைக்கு அடியில் குழாயாக நுழைந்து மறுபக்கம் ஏறும். அறுபது அடி நீளம். உள்ளே குனிந்துதான் போக முடியும். வண்டல் முழுக்க அங்கேதான் அடைந்து கிடக்கும். அதற்குள் இறங்கும் முன் இரண்டு பேர் போனில் தண்ணீர் நேரம் பார்த்தாக வேண்டும், பிறகு சங்கத்துக்கோ எனக்கோ ஒரு போன் போட்டு உறுதி செய்ய வேண்டும் என்று சங்கத்தில் விதி உண்டு. நல்ல விதி. அன்றைக்கு அதை ஒருவர்கூட மீறவில்லை.

திங்கள்கிழமை மாலை, மறுநாள் பகல் இரண்டு மணிக்குத் தண்ணீர் என்று வெப்சைட்டில் போட்டார்கள். இரண்டு ஹாலிலும் பலகையில் இரண்டு மணி ஏறியது. ராத்திரி மலையில் மழை. விடியற்காலை ஈஸ்வரபாண்டி மலையடிவாரத்து லோயர் கேம்ப் பக்கம் போய் ஆற்றைப் பார்த்தார். தண்ணீர் கூடுதலாக வருவதைக் கண்டு, மடையை எட்டரைக்கே தூக்கிவிடலாம் என்று ஐந்து நாற்பதுக்குத் தன் போனில் நேரத்தை மாற்றினார். அவர் போனில் எட்டரை என்று வந்தது. மடைக்காரருக்கும் சொல்லிவிட்டார். அதோடு அவர் வேலை முடிந்தது. அவர் சீட்டு இரண்டாம் சர்வருக்கானது.

அந்தக் குழாயில் தூர் வாரப் போன பதினொரு பேருக்கு மேஸ்திரி சீனிச்சாமி. ஐம்பத்தைந்து வயது, நிதானமான மனிதர். ஏழு மணி வாக்கில் அவர் எனக்குப் போன் செய்தார். காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, தண்ணி ரெண்டு மணிக்குத்தான?"

"ஃபோன்ல பாத்தீகளாண்ணே?"

"ரெண்டு பேரு பாத்தாச்சு. ரெண்டுலயும் ரெண்டு மணிதான். செக்ரட்டரிக்கு அடிச்சா டவரு இல்லைங்குது. எங்களுக்கு ஒண்ணுமில்ல, இங்கன இந்த அக்கம்மாதான், இன்னொருக்கா கேளுண்ணே, இன்னொருக்கா கேளுண்ணேன்னு உசுர வாங்குது."

"இருங்க" என்று லேப்டாப்பைத் திறந்தேன். இரண்டு மணி. ரெஃப்ரெஷ் செய்தேன். இரண்டு மணி. இன்னொரு தடவையும் செய்தேன். என் லேப்டாப்பிலும் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது, ஒண்ணாம் சர்வருக்கு. நூறு தடவை ரெஃப்ரெஷ் செய்தாலும் அது என்னை அதே ஹாலுக்குத்தான் கூட்டிப்போகும், அதே பலகையைத்தான் காட்டும். சீட்டு இல்லாத புது ஜன்னல் ஒன்றைத் திறந்து பார்க்கப் பத்து விநாடி ஆகும். எங்கள் தொழிலில் கைப்பிள்ளைக்குக்கூடத் தெரிந்த பாடம் அது. எனக்குக் காபி ஆறிக்கொண்டிருந்தது.

"ரெண்டு மணிதாண்ணே. தைரியமா எறங்குங்க" என்றேன்.

எட்டரைக்கு மடை தூக்கினார்கள். எட்டு நாற்பதுக்குத் தண்ணீர் குழாய்க்குள் நுழைந்தது. வாய்ப்பக்கம் நின்றவர்கள் ஏறிவிட்டார்கள். உள்ளே இருந்த மூன்று பேரில் இரண்டு பேரைக் காலைப் பிடித்து இழுத்தார்கள். ஒல்லியான ஆள் என்று அக்கம்மாளை நட்டநடுவில் விட்டிருந்தார்கள். மடையை மறுபடி அடைத்து, தண்ணீர் வடிந்த பிறகு எடுத்தார்கள். மண்வெட்டி கையிலேயே இருந்ததாம்.

பத்து மணிக்கு ஈஸ்வரபாண்டி என்னிடம் போனில் அலறினார். "நான் எட்டரைன்னு மாத்திட்டேன்டா! இவனுக ரெண்டு மணிங்குறானுக!" நான் என் அம்மாவின் போனை வாங்கித் திறந்தேன். எட்டரை. என் லேப்டாப்பில் இரண்டு. எல்லாமே ஒரே நிமிஷத்தில் புரிந்துவிட்டது. புரிந்ததும் கை தன்பாட்டுக்கு ஒரு வேலை செய்தது. ஒண்ணாம் சர்வரின் பலகையை அழித்தேன். கோளாறைக் கண்டால் சரிசெய்கிற பழக்கம் என்று அப்போது என்னிடமே சொல்லிக்கொண்டேன். அதற்குப் பிறகு யார் எந்தப் போனில் பார்த்தாலும் எட்டரைதான்.

ஈஸ்வரபாண்டியிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன்.

"வாயத் தொறக்காத தமிழு" என்றார். "போன உசுரு போச்சு. இது தெரிஞ்சா நாலாயிரம் குடும்பமும் நம்மளக் கிழிச்சுத் தோரணம் கட்டிரும்."

ஐந்தாம் நாள் சங்கக் கட்டடத்தில் விசாரணைக் கூட்டம். சீனிச்சாமி எழுந்து, பார்த்தோம், இரண்டு மணி என்றுதான் இருந்தது என்றார். ஈஸ்வரபாண்டி வெப்சைட்டைத் திரையில் போட்டு எல்லோருக்கும் காட்டினார். எட்டரை, மாற்றியது காலை ஐந்து நாற்பது என்று தெளிவாக இருந்தது. அன்று காலையிலேயே எட்டரை என்று பார்த்ததாகக் கூட்டத்தில் பத்துப் பேர் சொன்னார்கள். அவர்கள் சொன்னதும் உண்மைதான். இரண்டாம் ஹால்காரர்கள். எனக்கும் இரண்டு மணி என்று தெரிந்த மாதிரி இருந்தது என்று ஆரம்பித்த ஒருவர், திரையைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"நான் தமிழு தம்பிகிட்டயும் கேட்டேனே!" என்றார் சீனிச்சாமி.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "கேட்டாக. ரெஃப்ரெஷ் பண்ணிப் பாக்கணும்னு சொன்னேன்" என்றேன். சீனிச்சாமி துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். என்னை ஏசியிருந்தால்கூடத் தேவலை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

அப்போதுதான் திரிஷா எழுந்தாள். "சீனிச்சாமி மாமா மேல தப்பில்ல. நானும் பாத்தேன். காலேஜ் பஸ்ஸுல போய்க்கிட்டிருந்தேன். அம்மா கூப்பிட்டு, பாப்பா, தண்ணி எத்தனை மணிக்கு விடுறாகன்னு உன் ஃபோன்ல பாத்துச் சொல்லுன்னு கேட்டுச்சு. பாத்தேன். ரெண்டு மணின்னுதான் இருந்துச்சு. நான்தான் அம்மாட்ட சொன்னேன்."

"பஸ்ஸுல ஆட்டத்துல முந்துன நாளு பேஜப் பாத்திருப்ப, ஆத்தா" என்றார் ஈஸ்வரபாண்டி. குரலில் இரக்கம் சொட்டியது. "அந்தா பாரு, எட்டரைன்னு போட்டிருக்கில்ல. சின்னப் பிள்ள, உன்ன யாரு குத்தம் சொல்லப் போறாக?"

யாரும் குற்றம் சொல்லவில்லை. உச்சுக் கொட்டினார்கள். அந்தப் பெண் திரையையும் தன் போனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சீனிச்சாமியை ஸ்டேஷனுக்கு மூன்று தடவை கூப்பிட்டார்கள். மேஸ்திரி பார்க்காமல் ஆளை இறக்கிவிட்டார் என்று சங்கம் தீர்மானம் எழுதப் போவதாகப் பேச்சு. டீக்கடையில் அவர் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து போனார்கள். பிறகு அவரும் வருவதை நிறுத்திவிட்டார்.

பத்தாம் நாள் திரிஷா என் அறைக்கு வந்தாள். கல்லூரிப் பை தோளில் இருந்தது. உட்காரவில்லை.

"அண்ணே, ஒரே ஒரு சந்தேகம். ஒரே பேஜ் ரெண்டு ஃபோன்ல ரெண்டு மாதிரி காட்டுமா?"

நான் அவள் முகத்தைப் பார்க்காமல் கீபோர்டைப் பார்த்தேன். "காட்டாதும்மா" என்றேன்.

"ரெண்டுன்னு பாத்தது கண்ணுக்குள்ளயே நிக்குதுண்ணே. அப்ப நான்தான் தப்பாப் பாத்திருக்கேன்." தலையை ஆட்டிக்கொண்டாள். "கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

படியிறங்கிப் போனாள். எனக்கு என்மேல் காறித் துப்ப வேண்டும் போல் இருந்தது. ஒரு பெண்ணின் கண்ணையே அவள் நம்ப முடியாதபடி செய்துவிட்டு, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். அதன்பிறகும் இரண்டு நாள் ஓட்டினேன். பன்னிரண்டாம் நாள்தான் பதிவைத் திறந்தேன்.

ஒவ்வொரு வரியிலும் போன் எண், நேரம், எந்தச் சர்வர், எந்தப் பலகை எல்லாம் இருந்தன. சீனிச்சாமி ஆறு நாற்பத்தாறு, ஒண்ணாம் சர்வர், இரண்டு மணி. கூட இருந்தவர் ஆறு நாற்பத்தேழு, அதே. திரிஷா ஆறு ஐம்பத்திரண்டு, அதே. நான் ஏழு இரண்டு, அதே, மூன்று தடவை. கரையிலிருந்து இன்னோர் எண்ணும் அன்று காலையில் வந்திருந்தது. முதல் தடவை. சீட்டு இல்லாத புதுப்போன் என்பதால் வாசலில் இரண்டாம் சர்வருக்கு அனுப்பியிருக்கிறது. ஆறு நாற்பத்தொன்பது, எட்டரை மணி. அக்கம்மாளின் எண்.

அந்த வரியைப் பார்த்து அழுதேன். படிக்கத் தெரியாத மனுஷி என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டிருக்க, அந்தக் கரையில் சரியான நேரத்தைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். மகளிடம் இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது. பெரிய உபகாரம் செய்யப்போகிறவன் போல எல்லா வரிகளையும் ஒரு தாளில் பிரிண்ட் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் வீட்டு வாசலில் நின்றேன். பெரியம்மா முறைக்காரி ஞானபாக்கியம் துணைக்கு இருந்தார். நான் வந்த விஷயத்தைக் கேட்டு உள்ளே கூப்பிட்டார். அக்கம்மாளின் படம் இன்னும் பிரேம் போடாமல் சுவரில் சாய்ந்திருந்தது. படத்துக்குப் பக்கத்தில் அவருடைய போன் இருந்தது. குழாயில் இறங்கும்போது எல்லோரும் போனைக் கரையில் ஒரு துண்டில் முடிந்து வைத்துவிட்டுத்தான் இறங்குவார்கள்.

நின்றபடியே சொன்னேன். இரண்டு சர்வர், பலகை, சீட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அழிக்கிற நாலு வரியைச் சொன்னேன். சீனிச்சாமியிடம் நான்தான் இறங்கச் சொன்னேன் என்பதையும், கூட்டத்தில் பொய் சொன்னதையும், அவளிடம் பொய் சொன்னதையும் சொன்னேன்.

"உன் ஃபோன்ல ரெண்டு மணிதாம்மா இருந்துச்சு. வேற எதுவும் வந்திருக்கவே முடியாது. உன் கண்ணுல தப்பே இல்ல. தப்பு முழுக்க என்னோடது. நாளைக்குச் சங்கத்துலயும் ஸ்டேஷன்லயும் இதையே சொல்லப் போறேன்."

அவள் தாளை வாங்கித் தன் எண்ணைத் தேடினாள். விரலை வைத்துப் படித்தாள். ஆறு ஐம்பத்திரண்டு, இரண்டு மணி. அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பதிமூன்று நாளாக அடைத்துக்கொண்டிருந்தது உடைந்த அழுகை. "நான் சரியாத்தான் பாத்தேன் பெரியம்மா, நான் சரியாத்தான் பாத்தேன்" என்றாள். ஞானபாக்கியம் அவள் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டார். என்னை அடிப்பார்கள் என்று நினைத்து வந்தேன். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, என்னை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அத்தோடு எழுந்து வந்திருக்க வேண்டும். அந்தத் தண்ணீரைக் குடித்ததும் எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. இன்னும் ஒரு நல்லது செய்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன்.

"இன்னொண்ணும்மா. அங்கன இருந்த பதினோரு பேர்ல உங்கம்மா ஃபோன்ல மட்டும்தான் சரியான நேரம் வந்திருக்கு. அவுக சரியாத்தான் பாத்திருக்காக. கடைசி வரியப் பாரு."

அவள் பார்த்தாள்.

"ஆறு நாப்பத்தொம்பதா?" என்றாள்.

"ஆமா."

தன் போனை எடுத்தாள். எதையோ மேலே தள்ளிக்கொண்டே போய் நிறுத்தி, என் முன்னால் நீட்டினாள். அம்மா, ஆறு ஐம்பத்தொன்று. எட்டரை என்று பார்த்து இரண்டு நிமிஷம் கழித்து அக்கம்மாள் மகளைக் கூப்பிட்டிருக்கிறார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அம்மா பார்த்த மூன்றாம் நிமிஷம் மகள் பார்த்திருக்கிறாள் என்ற கணக்கு அந்தத் தாளிலேயே இருந்தது. ராத்திரியெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

"புதுப் போனு, அம்மாவுக்குத் தொறக்கத் தெரியலன்னு நெனச்சேன்" என்றாள் திரிஷா. "தொறந்து பாத்துட்டுத்தான் கேட்டிருக்கு."

"அது வந்தும்மா..."

"தன் போன்ல எட்டரைன்னு வருதுன்னு மாமாகிட்டச் சொன்னா சிரிப்பாகன்னு சொல்லாம இருந்திருக்கு. அதான் என்னக் கேட்டுச்சு."

ஞானபாக்கியம் என்னைப் பார்த்த பார்வையில், எழுந்து போய்விடு என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. நான் எழுந்தேன். தாளை அங்கேயே விட்டுவிடலாம் என்று பார்த்தேன். திரிஷா அதை நான்காக மடித்து என் கையில் திணித்தாள். இப்போது அழவில்லை.

"கொண்டு போங்க. சீனிச்சாமி மாமா வெளிய தல காட்டணும். எதையும் விடாம வாசிங்க. கடைசி வரியவும் வாசிங்க."

"உனக்குக் கஷ்டம்னா அத மட்டும்..."

"வாசிங்கண்ணே."

வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். என் செருப்பு எது என்று எனக்கே தெரியவில்லை. உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. என்னிடம் சொன்னாளா, படத்திடம் சொன்னாளா, தெரியாது.

"ரெண்டு மணிதாம்மா, பேசாம எறங்குன்னேன். நீ சொன்னாச் சரிதான் பாப்பான்னு வச்சிருச்சு."